பிள்ளையின் சொந்தச் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை எழுத வைப்பது எப்படி என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தை பேசும்படி சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் பேச்சாளன் அல்லன். வெண்கட்டித் தூளோடு காலங் கழித்தவன். ஆகவே அறிவுரை கூறுமுன் என் குற்றம் ஒன்றை இச்சபையிலே ஒப்புக்கொள்ள விரும்புகின்றேன்.

நான்காம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், "எங்கள் வீட்டுப் பசு" என்று கரும்பலகையில் எழுதி, பத்து வசனம் எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். கொப்பிகள் மேசைக்கு வந்தன. "பசு ஒரு வீட்டு மிருகம். அது சாதுவானது. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது எமக்குப் பால் தரும்." முதற் கொப்பியிலும் அதுவே, முப்பதாவது கொப்பியிலும் அதுவே. எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டு போனேன். இடையிலே ஒரு பெண்பிள்ளையின் கொப்பி வந்தது. அதில் நாலே நாலு வசனந்தான் இருந்தது. "எங்கட வீட்டில பசு இல்லை. போன மாசம் வித்துப்போட்டம். கட்டை மட்டும் நிக்குது. அப்பு விடியப் போய்க் கட்டையைப் பாத்துப்போட்டு வாறவர்."

நான் என்ன செய்தேன்? சிவப்பு மையால் "வித்துப்போட்டம்" என்பதைச் சுழித்தேன். "நிக்குது" என்பதைச் சுழித்தேன். "தலைப்புக்குப் பொருந்தாது, பத்து வசனம் இல்லை" என்று கீழே எழுதிப் பத்துக்கு மூன்று புள்ளி கொடுத்தேன். அடுத்த கிழமை "எங்கள் வீட்டு நாய்" என்று தலைப்புக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை இம்முறை பிழையின்றிப் பத்து வசனம் எழுதியிருந்தாள். "நாய் நன்றியுள்ள மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு." எட்டுப் புள்ளி வழங்கி, "நல்ல முன்னேற்றம்" என்றும் எழுதிவிட்டேன். அவள் வீட்டில் நாயும் இல்லை என்பது பின்னரே எனக்குத் தெரியவந்தது.

அன்பர்களே, அந்தப் பிள்ளை என்னிடம் கற்ற பாடம் யாது? உண்டானதை எழுதினால் மூன்று, இல்லாததை எழுதினால் எட்டு என்பதே அது. பசுவை விற்ற வீட்டின் துயரத்தை நாலு வசனத்திலே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அப்படிச் சொல்லலாகாது என்று கற்பித்தவன் நான். அந்தக் கட்டையும், விடியற்காலையில் அதைப் பார்க்கப் போகும் அந்த அப்புவும் இன்றைக்கும் என் கண்முன் நிற்கின்றனர். மற்ற முப்பது பசுக்களில் ஒன்றேனும் எனக்கு ஞாபகம் இல்லை.

ஆக்க எழுத்து என்றதும், எல்லாப் பிள்ளைகளையும் புலவர்களாக்கப் பார்க்கின்றார்கள் என்று சிலர் எண்ணுகின்றனர். அது நோக்கமன்று. தான் கண்டதையும் கேட்டதையும் எண்ணியதையும் தன் சொல்லிலே எழுத ஒரு பிள்ளைக்கு இயலுமாயின் அதுவே போதும். அந்தப் பிள்ளை பின்னாளிற் கமக்காரனாகலாம், வைத்தியனாகலாம், கடை வைக்கலாம். எங்கிருந்தாலும், நடந்ததை நடந்தபடி சொல்லுந் திறன் அவனுக்குத் துணையாகும்.

நம் நாட்டிலே இதற்கு நல்ல அடித்தளம் இருக்கின்றது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிறுவர் படித்து விளங்கத்தக்க உரைநடையிலே பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். செய்யுளை மனனம் பண்ணுவதே கல்வி என்றிருந்த காலத்திலே, பிள்ளைகளுக்கு வாசிக்க வசனநடையைக் கொடுத்தவர் அவர். வாசிக்கும் வசனத்தை நாவலர் கொடுத்தார். எழுதும் வசனத்தைக் கொடுப்பது நம் கடன். அக்கடனை நாம் இன்னும் முழுமையாகத் தீர்க்கவில்லை என்றே நான் எண்ணுகின்றேன்.

"ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று பெற்றோர் கேட்பர். அப்பரீட்சையை நான் இகழ மாட்டேன். 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலந்தொட்டு, எத்தனையோ ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய பாடசாலைகளின் கதவைத் திறந்துவிட்டது இந்தப் புலமைப்பரிசில். ஆனால் அதன் பெயரால் மாதிரிக் கட்டுரைகளை நெட்டுருப் பண்ணுவிக்கின்றோமே, அதுதான் தவறு. நெட்டுருப் பண்ணிய கட்டுரை அந்தத் தலைப்புக்கு மாத்திரமே உதவும். சொந்தமாக எழுதப் பழகிய பிள்ளை எந்தத் தலைப்பைக் கண்டும் அஞ்சாது.

இனி, வகுப்பறையிலே செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுகின்றேன். இவற்றுக்குப் பணச் செலவு இல்லை. ஒரு கொப்பியும் பென்சிலும், ஆசிரியரிடத்துக் கொஞ்சம் பொறுமையும் இருந்தாற் போதும்.

முதலாவது, எழுதுமுன் சொல்ல விடுதல். முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை மெதுவானது, வாயோ விரைவானது. காலையில் வகுப்புத் தொடங்கியதும் இரண்டு மூன்று பிள்ளைகளை நேற்று நடந்ததைச் சொல்லும்படி கேளுங்கள். "எங்கட கோழி பதினொரு குஞ்சு பொரிச்சுது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த வசனத்தை அப்படியே கரும்பலகையில் எழுதி, கீழே அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். தான் சொன்ன சொல் எழுத்தாகி நிற்பதைப் பிள்ளை காணும். அன்றைய வாசிப்புப் பாடமும் அதுவே ஆகலாம். விசயதசமியில் அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கின்றோம். அதன்பின் அந்த விரல் தானாக எழுதத் தொடங்கும் நாள் ஒன்று வரவேண்டுமல்லவா? அந்த நாளுக்கு இது வழி.

இரண்டாவது, பொருளைக் கையிற் கொடுத்தல். ஒரு புளியங்கொட்டை, ஓர் உடைந்த ஓடு, ஒரு பனங்கிழங்கு, எதுவாயினும் ஆகுக. தொட்டுப் பார்க்கட்டும், மணந்து பார்க்கட்டும், காதருகே ஆட்டிப் பார்க்கட்டும். பின் எழுதட்டும். ஒரேயொரு நிபந்தனை: "அழகான", "நல்ல" என்னும் இரு சொற்களையும் அன்றைக்கு வழங்கலாகாது. அவ்விரண்டும் இல்லாதபோது, பிள்ளை பொருளை உற்றுப் பார்த்தே தீரவேண்டும்.

மூன்றாவது, இரு சொற் கதை. இத்தாலி நாட்டிலே ஜானி ரொதாரி என்று ஒரு சிறுவர் எழுத்தாளர் இருந்தார். இளமையில் ஆரம்ப வகுப்பு ஆசிரியராகவும் இருந்தவர். கதை புனையுங் கலையைப்பற்றி 1973ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களை எடுங்கள், அவற்றிடையே கதை பிறக்கும் என்பது அவர் காட்டிய வழிகளுள் ஒன்று. அவர் தந்த உதாரணம் நாயும் அலுமாரியும். தமிழிலே இது இன்னும் சிறக்கும். நாயின் அலுமாரி, நாய்க்கு அலுமாரி, அலுமாரியில் நாய், அலுமாரியோடு நாய், அலுமாரியிலிருந்து நாய் என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வோர் உருபிலும் ஒரு புதிய கதை இருக்கின்றது. நாய்க்கு அலுமாரி எதற்கு? அதனுள்ளே அது எதை ஒளித்து வைக்கும்? பிள்ளைகள் சிரித்துச் சிரித்து எழுதுவர். வேற்றுமை உருபைப் பிரம்பெடுத்துப் படிப்பித்த எனக்கு, அதைச் சிரிப்போடு படிப்பிக்கலாம் என்பது மிகப் பிந்தியே தெரிந்தது.

நான்காவது, பழமொழியிலிருந்து கதை. ரஷிய நாட்டுப் பேரறிஞர் லியோ தோல்ஸ்தோய் தம்முடைய ஊராகிய யஸ்னயா பொல்யானாவிலே குடியானவர் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை நடத்தினார். கரண்டியால் ஊட்டி அதன் காம்பாற் கண்ணைக் குத்துதல் என்னும் பொருள்பட்ட அவர்கள் நாட்டுப் பழமொழியைக் கொடுத்து, இதற்கொரு கதை எழுதுங்கள் என்றார். பிள்ளைகள் தயங்கவே, தாமே எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தனர். பின் அவரைத் திருத்தத் தொடங்கினர்! கதையில் வரும் ஒருவன் ஒரு பெண்ணின் மயிர்த்தோல் மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்தான் என்று ஒரு சிறுவன் சொன்னதைக் கேட்டு அவர் வியந்து போனார். குடியானவர் பிள்ளைகள் எம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்றே 1862ஆம் ஆண்டிற் கட்டுரை எழுதிவிட்டார். நம்மிடம் பழமொழிக்குப் பஞ்சமா? ஆனால் ஒன்று, ஆசிரியரும் பிள்ளைகளோடு இருந்து எழுதவேண்டும்.

ஐந்தாவது, வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுதல். "அம்மம்மா, நீங்கள் சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள்?" "அப்பு, இந்தக் கிணறு எப்போது வெட்டியது?" ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். நம் ஊர்களிற் பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தும் கடல்கடந்தும் போய்விட்டன. பழைய படங்களும் பத்திரங்களும் எத்தனையோ வீடுகளில் அழிந்துபோயின. எஞ்சியிருப்பது பெரியோரின் ஞாபகமே. அதைப் பிள்ளைகள் தம் கொப்பியில் எழுதி வைப்பார்களாயின், எழுத்துப் பயிற்சியோடு ஊரின் வரலாறும் காப்பாற்றப்படும்.

ஆறாவது, எழுதியதை யாரேனும் வாசிக்கச் செய்தல். முதல் உலகப் போரிற் காயம்பட்டு, நெடுநேரம் பேச இயலாதிருந்த செலெஸ்தன் பிரெனே என்னும் பிரெஞ்சு ஆசிரியர், 1920களிலே தம் கிராமத்து வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சியந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் எழுதியவற்றைத் தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டு, தூரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அனுப்பினர். நமக்கு இயந்திரமும் வேண்டுவதில்லை. கையெழுத்துச் சஞ்சிகை நம் ஊர்களுக்குப் பழக்கமானதே. மாதம் ஒன்று தைத்து வகுப்பில் வைத்தாற் போதும். ஆசிரியரின் புள்ளிக்காக எழுதும் பிள்ளை பிழைக்கு அஞ்சி எழுதும். தோழன் வாசிப்பதற்காக எழுதும் பிள்ளையோ விளங்க எழுதும்.

"அப்படியாயின் எழுத்துப் பிழையை விட்டுவிடுவதா? லகர ளகர ழகரம் என்னாவது?" என்று பெரியோர் கேட்பது என் செவியில் விழுகின்றது. நியாயமான கேள்வி. பிழையை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டுமுறை வாசியுங்கள் என்கின்றேன். முதன்முறை, பிள்ளை என்ன சொல்கின்றது என்று மட்டும் பார்த்து, அதற்கொரு மறுமொழி எழுதுங்கள். இரண்டாம் முறை, திருத்தம். அப்போதும் பக்கம் முழுவதையும் சிவப்பாக்காமல், இன்றைக்கு ஒரு பிழை, நாளைக்கு வேறொன்று என்று எடுத்துத் திருத்துங்கள். பேச்சுத் தமிழைக் குற்றமென்று தண்டிக்காது, "இதை நூலில் எழுதும்போது விற்றுவிட்டோம் என்று எழுதுவோம்" என்று பக்கத்திலே காட்டுங்கள். வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும் இரண்டும் தனக்குரியவை என்று பிள்ளை அறியட்டும்.

இறுதியாக, இச்சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஆண்டுதோறும் வெளியிடும் இம்மலரிலே நான்கு பக்கங்களைப் பாலர்க்கென்று ஒதுக்குங்கள். அதிலே பெற்றோர் எழுதிக் கொடுத்தது ஒரு வரியும் வரலாகாது. பிள்ளை எழுதியதே வரட்டும். மற்றது, மாதத்தில் ஒருநாள் மாலை ஒரு மணி நேரம் உங்கள் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் தாம் எழுதியதை வாசிக்கட்டும். இளைஞர்கள் பாய் விரித்து உதவுக. பெரியோர்கள் வந்திருந்து கேட்க. திருத்த வேண்டா, கேட்டாற் போதும்.

அந்தப் பெண்பிள்ளை இப்போது எங்கே இருக்கின்றாள் என்பதை நான் அறியேன். அவளுடைய கொப்பியில் நான் இட்ட மூன்றை இனி அழிக்க முடியாது. ஆனால் நாளைக்கு உங்கள் மண்டபத்திலே ஒரு பிள்ளை எழுந்து, தன் வீட்டில் நடந்ததைத் தன் சொல்லிலே வாசிக்குமாயின், என் கடனிற் கொஞ்சமேனும் தீர்ந்ததென்று ஆறுதல் கொள்வேன்.