சத்தத்தைக் குறைச்சா நாங்களும் வருவோம்



போன வருஷம் 3 கூட்டத்துக்கு நான் வரலை. தலா 10 ரூபாய் அபராதமும் கட்டினேன். காரணத்தை இன்னைக்குத்தான் சொல்றேன். என் மகனுக்கு ஆட்டிசம். மைக் 'கீய்ங்'னு கத்தினாலே காதைப் பொத்திக்கிட்டு தரையில விழுந்து அழுவான். அது அடம் இல்லை. நமக்குச் சாதாரணமான சத்தம் அவனுக்கு வலி.

அவன் மனசு அடங்க ஏதாவது பாட்டுப் போடலாம்னு பார்த்தேன். எல்லாரும் புல்லாங்குழல்னாங்க. அந்த உச்ச ஸ்தாயி அவனுக்கு ஆகலை. வீணை ஒத்துக்கிச்சு. தாலாட்டுக்குப் பேர்போன நீலாம்பரி ராகத்தை மெதுவா வச்சா, தோள் தளர்ந்து உட்காருவான். உங்க பிள்ளைக்கு வேற ஒண்ணு பிடிக்கலாம், பொறுமையா பார்க்கணும்.

ஒரே வாத்தியம், மெதுவான நடை, திடீர்னு மேளம் அடிக்காத பாட்டாப் பாருங்க. நாம பேசுறது பாட்டைத் தாண்டிக் கேட்கணும். செல்போன்ல நடுவே விளம்பரம் அலறும். முன்கூட்டியே பதிவிறக்கி வச்சுக்கங்க. தினமும் அதே பாட்டைக் கேட்டா சலிச்சுக்காதீங்க. அடுத்து என்ன வரும்னு தெரியறதே அவங்களுக்கு நிம்மதி. காதைப் பொத்தினா உடனே நிறுத்திடுங்க.

ஒரு வேண்டுகோள். நம்ம குழுவில் 20 பேர் உட்கார்ந்து பேச மைக் எதுக்கு? கூட்டம் தொடங்கும்போது ஸ்பீக்கர் பாட்டும் வேண்டாம். என்னைப் போல வீட்டோடு முடங்கின தாய்மார்கள் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. அபராதமும் மிச்சம்.