ஐயா கொடுத்த அஞ்சலட்டை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பள்ளி நாட்களின் நினைவுகள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நாங்கள் முதலில் தயங்கினோம். பட்டம் பெற்றவர்களும் பொறியியல் கற்றவர்களும் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தாக்களுக்குப் பேச என்ன இருக்கிறது என்று எண்ணினோம். பிறகு வேறொன்று தோன்றியது. கல்லூரி கண்டவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஒரு படி. எங்களுக்கோ அதுவே மாடி. ஆகவே அதைப் பற்றிப் பேச எங்களுக்கும் சிறிது உரிமை உண்டு என்று துணிந்து வந்தோம்.

'நாங்கள்' என்று சொல்வது மேடை வழக்கத்துக்காக அன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் ரயில்வே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த மூவர் இக்காலனியில் வாழ்கிறோம். இன்று ஒருவர் வாயிலாக மூவரும் பேசுகிறோம்.

பொன்மலை என்பது ரயில் பெற்றெடுத்த ஊர். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பணிமனை 1928ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்தது. அதைச் சுற்றிக் குடியிருப்புகளும், சந்தையும், மருத்துவமனையும், பள்ளிகளும் எழுந்தன. நீலகிரி மலை ரயிலுக்கு 2011ஆம் ஆண்டு முதல் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்ததும் அப்பணிமனையே. எங்கள் தந்தையர் மூவரும் அங்கே உழைத்தவர்கள். பணிமனைச் சங்கு ஊதினால் ஊர் விழிக்கும்; மறுபடி ஊதினால் ஊர் உண்ணும். எங்கள் வீடுகளில் கடிகாரம் பழுதானால் அதைச் செப்பனிட யாரும் அவசரப்பட்டதில்லை.

பள்ளிக்கும் அத்தகைய ஒரு மணி இருந்தது. வேப்பமரக் கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டே அந்த மணி. அதை இரும்புக் கம்பியால் அடிக்கும் வாய்ப்புக்காக நாங்கள் போட்டியிட்டது இன்றும் நினைவில் இருக்கிறது. காலையில் அது அழைத்தால் கால்கள் மெதுவாக நடக்கும். மாலையில் அதே ஒலி கேட்டால் கால்கள் பறக்கும்.

எங்கள் ஆசிரியப் பெருமக்களுள் தமிழ் ஐயாவைப் பற்றி மட்டும் இன்று சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவர் ரயில்வேப் பிள்ளைகளுக்கு ரயில்வே மொழியிலேயே இலக்கணம் சொல்லித் தந்தவர். "தம்பிகளே, மெய்யெழுத்து என்பது பெட்டி, உயிரெழுத்து என்பது எஞ்சின். எஞ்சின் வந்து பூட்டினால் அல்லாமல் பெட்டி நகராது" என்பார். தமிழில் 247 எழுத்துக்கள் என்று கேட்டு மலைத்த எங்களிடம், "அஞ்ச வேண்டாம். பன்னிரண்டு எஞ்சின், பதினெட்டுப் பெட்டி. பூட்டிப் பூட்டி எடுத்தால் 216 வண்டிகள். மிஞ்சி நிற்பது ஆய்தம் ஒன்றே, அது கார்டு கையிலுள்ள விளக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். மூன்று புள்ளிகளும் கரும்பலகையில் விளக்கைப் போலவே எங்களுக்குத் தோன்றும்.

செப்டம்பர் 5ஆம் நாள் பள்ளியில் ஆசிரியர் நாள் கொண்டாட்டம் நடக்கும். பொன்மலைக்கோ அந்நாள் வேறொரு வகையிலும் உரியது. 1946ஆம் ஆண்டு அதே நாளில், வேலைநிறுத்தம் செய்த ரயில்வேத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் நீத்தனர். நாங்கள் கொடுத்த பூவை வாங்கிக்கொண்டு ஐயா சொல்வார்: "எனக்குப் பூக் கொடுத்தாயிற்று. மாலையில் அப்பாவோடு சென்று தியாகிகளுக்கும் பூ வைத்துவிட்டு வா. சோறு போட்டவனுக்கும் எழுத்துச் சொன்னவனுக்கும் நன்றி சொல்ல ஒரே நாள் வாய்த்திருக்கிறது." அச்சொல்லின் ஆழம் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு. ஐயா ஒரு கட்டு அஞ்சலட்டைகளுடன் உள்ளே வந்தார். நாற்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒவ்வொன்றிலும் 'பெறுநர்' என்ற இடத்தில் தம் வீட்டு முகவரியைத் தம் கையாலேயே எழுதியிருந்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. "எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்" என்றார். அவ்வளவுதான். மணி அடித்தது, வெளியே ஓடினோம்.

அவையோர்களே, அந்த அட்டையை நாங்கள் மூவரும் அஞ்சலில் சேர்க்கவில்லை. இதை மறைத்து இனிய நினைவுகளை மட்டும் சொல்லிச் செல்லலாம். ஆனால் அது நேர்மையாகாது.

காரணம் என்ன? ஐயா சொன்னதில் 'எந்த வேலையில் இருந்தாலும்' என்ற தொடரை மட்டுமே நாங்கள் பற்றிக்கொண்டோம். வேலை கிடைத்த பிறகே எழுத வேண்டும் என்று எண்ணினோம். வேலையோ எளிதில் கிடைக்கவில்லை. எங்களுள் ஒருவர் டயர்க் கடையில் பஞ்சர் ஒட்டினார். ஒருவர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஒருவர் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். இவற்றை எழுதவா ஐயா அட்டை கொடுத்தார் என்று நாணினோம். ஏழு ஆண்டுகளுக்குப் பின் ரயில்வேயில் கடைநிலை ஊழியராக வேலை கிடைத்து, மொழி தெரியாத இந்த நாக்பூர்ப் பக்கம் வந்து இறங்கினோம். அதன்பின் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். அப்போதாவது எழுதினோமா? இத்தனை ஆண்டு கழித்து எந்த முகத்தோடு எழுதுவது என்று அதையும் தள்ளிப் போட்டோம். இருவருடைய அட்டைகள் வீடு மாறுகையில் தொலைந்தன. ஒருவருடைய அட்டை மட்டும் மதிப்பெண் சான்றிதழுடன் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது.

2024ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் வகுப்புத் தோழர்கள் பொன்மலையில் ஒரு திருமண மண்டபத்தில் ஒன்றுகூடல் நடத்தினார்கள். இருபத்தாறு பேர் குடும்பத்துடன் வந்திருந்தார்கள். ஆசிரியர்கள் அறுவர் வந்து அந்நாளைச் சிறப்பித்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் பழைய ஊதலைக் கொண்டுவந்து ஊதினார். தொந்தியும் நரையும் கொண்ட நாங்கள் அனைவரும் எங்களை அறியாமல் வரிசையில் நின்றுவிட்டோம். எங்கள் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கணக்காசிரியர் வருகைப் பதிவேடு இல்லாமலே எங்கள் பெயர்களை வரிசையாக அழைத்தார். ஒவ்வொருவராக, "உள்ளேன் ஐயா" என்றோம். ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. அவர் மறுபடியும் அழைத்தார். அந்தத் தோழர் சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்ட செய்தி அவருக்குத் தெரியாது. அருகில் இருந்தவர் எழுந்து மெல்லச் சொன்னார். கணக்காசிரியர் சிறிது நேரம் நின்றார். பிறகு அடுத்த பெயரை அழைத்தார். அவர் குரல் முன்போல் இல்லை.

பகல் உணவுக்குச் சற்று முன் தமிழ் ஐயா தம் மகளின் கையைப் பற்றிக்கொண்டு வந்தார். வயது எண்பது. கண்ணொளி மிகவும் மங்கிவிட்டது. ஆயினும் எங்கள் குரலைக் கேட்டே பெயர் சொன்னார். அவர் மடியில் ஒரு பிஸ்கட் தகர டப்பா இருந்தது. அதில் எங்கள் வகுப்பிலிருந்து அவருக்கு வந்த அஞ்சலட்டைகள், மொத்தம் பத்தொன்பது, நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. "இப்போது என்னால் படிக்க இயலவில்லை. குழந்தைகள் யாராவது படியுங்கள், கேட்கிறேன்" என்றார்.

எங்களுள் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்பு மாணவி, முன்னே சென்றாள். அட்டையை வாங்கினாள்; பார்த்தாள்; திருப்பிப் பார்த்தாள்; அப்படியே நின்றாள். பிறகு தலை குனிந்து, "தாத்தா, எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது" என்றாள். புனேயிலிருந்தும் செகந்திராபாத்திலிருந்தும் வந்திருந்த வேறு இரு குழந்தைகளை அழைத்தார்கள். அவர்களுக்கும் படிக்க வரவில்லை. இந்தி, மராத்தி, தெலுங்கு, ஆங்கிலம் என்று மூன்று எழுத்துக்களை அறிந்த பிள்ளைகள் அவர்கள். கைபேசியில் தமிழைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகியவர்கள். அவர்கள்மீது என்ன குற்றம்? மண்டபம் அமைதியாயிற்று. பெற்றோர்களாகிய நாங்கள் எங்கே பார்ப்பது என்று அறியாமல் நின்றோம்.

ஐயா கடிந்துகொள்ளவில்லை. அக்குழந்தையின் தலையைத் தடவி, "பேச வருகிறதல்லவா கண்ணு, இன்றைக்கு அது போதும்" என்றார். பின்னர் எங்களுள் ஒருவரே அட்டைகளைப் படித்தோம்.

அப்போதுதான் நாங்கள் எழுதாத குற்றத்தை ஒப்புக்கொண்டு பொறுத்தருளுமாறு கேட்டோம். ஐயா சொன்ன விடை இது: "வேலை கிடைத்ததா என்று கேட்கவா தம்பி அட்டை கொடுத்தேன்? நீ எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தானே கொடுத்தேன்! வேலை கிடைக்காதவன்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்."

திருச்சியிலிருந்து திரும்பும் வண்டியில் எங்களுக்குள் பேச்சில்லை. ஜன்னலோரம் அமர்ந்திருந்த அச்சிறுமி நிலையப் பலகைகளையே பார்த்து வந்தாள். தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும் அல்லவா? லால்குடி கடந்தது, அரியலூர் வந்தது. திடீரென்று, "அப்பா, லால்குடியில் முதலில் இருந்த எழுத்து இங்கேயும் இருக்கிறது. அதுதானே ல?" என்று கேட்டாள். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். விருத்தாசலத்தில் மேலும் இரண்டு எழுத்துக்கள் பிடிபட்டன. விழுப்புரத்தில் 'ழ' வந்தது. அதற்குத் தனிப்பாடமே நடத்த வேண்டியதாயிற்று. சென்னையில் இறங்கும்போது அவளிடம் பன்னிரண்டு எழுத்துக்கள் இருந்தன.

அன்று தொடங்கி எங்கள் மூன்று வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் தமிழுக்கு என்று ஒதுக்கினோம். ஐயாவின் எஞ்சினையும் பெட்டியையுமே பாடமாக வைத்தோம். சில வாரங்கள் தவறின. பிள்ளைகள் சலித்துக்கொண்டதும் உண்டு. எங்களுக்கே 'ர'வும் 'ற'வும் மறந்திருந்ததைக் கண்டு வெட்கப்பட்டதும் உண்டு. ஆயினும் விடவில்லை. ஒன்பது மாதங்களுக்குப் பின், டிரங்குப் பெட்டியில் கிடந்த அந்தப் பழைய அட்டையை எடுத்தோம். காகிதம் பழுத்திருந்தது, ஐயாவின் கையெழுத்து மட்டும் மங்கவில்லை. நாங்கள் மூவரும் எழுத வேண்டியதை எழுதினோம். எஞ்சிய இடத்தில் அச்சிறுமி, தான் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாக இரண்டு வரிகள் எழுதினாள். இரண்டு வரியில் மூன்று பிழைகள். நாங்கள் திருத்தவில்லை. இன்றைய கட்டணத்துக்கு வேண்டிய தபால் தலையை ஒட்டி அனுப்பினோம்.

ஐயாவின் மகளிடமிருந்து பதில் வந்தது. அந்த இரண்டு வரிகளை மட்டும் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிழைகள் எவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, திருத்தியும் அனுப்பியிருந்தார். அட்டை தகர டப்பாவில் இருபதாவதாகச் சேர்ந்துவிட்டது.

அன்பார்ந்த பெற்றோர்களே! இக்காலனியில் நம் வீடுகளில் தமிழ் ஒலிக்கிறது, பொங்கலும் பொங்குகிறது, ஆண்டு விழாவும் குறைவின்றி நடக்கிறது. ஆனால் இம்மலரை எத்தனை வீடுகளில் நம் பிள்ளைகள் தாமே எடுத்துப் படிக்கப் போகிறார்கள்? பிறரைக் குறை கூற இதைக் கேட்கவில்லை. ஓராண்டுக்கு முன் எங்கள் மூன்று வீடுகளிலும் ஒரு பிள்ளைகூட இல்லை. அந்த வெட்கத்தை அறிந்தவர்கள் என்ற முறையில்தான் கேட்கிறோம்.

சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நாங்கள் மூவரும் முறை வைத்துக் காத்திருப்போம். புலமை எங்களிடம் இல்லை. அரிச்சுவடிக்குப் புலமை வேண்டியதும் இல்லை. குழந்தைகளை அனுப்புங்கள். முடிந்தவர்கள் தாமும் வந்து ஒரு வாரம் சொல்லிக் கொடுங்கள்.

மேலும் ஒன்று. வாயிலருகே மேசைமேல் அஞ்சலட்டைகள் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர் எங்கேனும் ஓர் ஊரில், ஒரு திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். நாங்கள் இருபத்தெட்டு ஆண்டுகள் தாழ்த்தினோம். நல்வினைப் பயனாக ஐயா இருந்தார். எல்லோருக்கும் அப்பேறு வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே இவ்வாரமே எழுதுங்கள். கடைசி ஒரு வரியையாவது உங்கள் குழந்தை எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும். திருத்த ஆசிரியர் இருக்கிறார்.