இயல்பறிந்து தொழில் தேர்தல்
(மாணவர்களுக்கும் வேலைவாய்ப்புத் துறை அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் வடிவம்)

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் நம் நாட்டு இல்லங்களில் எழும் முதல் வினா, "எத்தனை மதிப்பெண்?" என்பதாகும். "இந்தப் பிள்ளையின் இயல்பு என்ன?" என்று கேட்போர் மிகச் சிலரே. மதிப்பெண் மிகுந்தால் அறிவியல், குறைந்தால் வணிகவியல், மேலும் குறைந்தால் தொழிற்பயிற்சி என்பது எழுதப்படாத விதியாக நிலவி வருகிறது. மதிப்பெண் மாணவர் கற்றதை அளக்கும். எப்பணியில் அவர் மனம் ஊன்றி நிற்கும் என்பதை அது அளப்பதில்லை.

இக்குறையைப் போக்கும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-ஆம் ஆண்டு தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், மூன்று படிகளை வகுத்தார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு செய்தல் என்பன அவை. பின்னர் 1959-இல் ஜான் ஹாலந்து என்னும் உளவியலார் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். கருவிகளைக் கையாள்வோர், ஆராய்ந்தறிவோர், கலை படைப்போர், பிறர்க்கு உதவுவோர், முன்னின்று நடத்துவோர், கணக்கையும் ஆவணங்களையும் ஒழுங்குறப் பேணுவோர் என மாந்தரின் நாட்டங்கள் அறுவகையாக அதில் பகுக்கப்பட்டன. ஒருவரிடம் ஒரு வகை மட்டுமே அமைவதில்லை. இரண்டு மூன்று வகைகள் கலந்தே காணப்படும்.

நம் நாட்டிலும் பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. 1952-53-இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழுவுக்கு, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமை வகித்தார். மாணவரின் நாட்டத்திற்கும் திறனுக்கும் ஏற்பப் பல்வகைப் பாடங்களை அளிக்கும் பல்நோக்குப் பள்ளிகளை அக்குழு பரிந்துரைத்தது. ஆயினும் தகுதி பெற்ற ஆசிரியர்களும் பணிமனைகளும் போதாமையால் அத்திட்டம் வேரூன்றவில்லை. 1964-66-இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டுதல் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி என்றும், தொடக்கப் பள்ளியிலேயே அது தொடங்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

எனினும், குணநலச் சோதனைகளை நாடு முழுவதும் பரப்பினால் மட்டும் போதும் என்று கருதுவது பிழையாகும். இதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, காணாத ஒன்றில் நாட்டம் தோன்றாது. ஆய்வுக்கூடத்தின் வாயிலையே கண்டிராத சிற்றூர் மாணவி, ஆய்வுப் பணி பிடிக்குமா என்ற வினாவுக்கு எவ்வாறு விடையளிப்பார்? பம்புசெட்டைப் பிரித்துப் பூட்டுவதில் கை தேர்ந்த உழவர் மகன், தான் கேள்விப்பட்ட பெருமைக்குரிய தொழில் மருத்துவம் ஒன்றே என்பதால் அதனையே குறித்துவிடக்கூடும். நகரத்துப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு அமைத்த வினாத்தாள், அனுபவக் குறைவைத் திறமைக் குறைவாகக் காட்டிவிடும். 2015-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஏறத்தாழ 3,600 தொழில்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒரு மாணவர் பத்தையாவது பெயர் சொல்ல முடியுமா என்பதே முதற்சோதனையாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. பிறப்பே தொழிலை முடிவு செய்த சமுதாயம் நம்முடையது. அத்தளையை அறுக்கப் பல தலைமுறைகள் பாடுபட்டுள்ளன. "உன் குணம் இது, ஆகவே உன் தொழில் இது" என்று ஒரு சோதனைத்தாள் முத்திரை குத்துமானால், பழைய விலங்கைக் கழற்றிப் புதிய விலங்கைப் பூட்டியதாகவே முடியும். பெண்களை ஆசிரியப் பணிக்கும் செவிலியப் பணிக்கும் மட்டுமே திருப்பிவிடும் அறிவுரையும் இத்தகையதே. மேலும், இளமையில் காணும் இயல்பு மாறாததும் அன்று. 1991-இல் பாரிக், மௌண்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பொறுப்புணர்வும் முயற்சியும் எடுத்துக்கொண்ட எல்லாத் தொழிற்பிரிவுகளிலும் பணித்திறனோடு தொடர்புடையனவாக விளங்கின. இவை பயிற்சியால் வளர்க்கத்தக்கவை.

எனவே சோதனை விளக்காக இருக்கலாம். தீர்ப்பாக இருத்தல் ஆகாது. முதலில் தொழில்களைக் காட்டுவோம். பிறகு நாட்டத்தைக் கேட்போம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் புத்தகப் பை இல்லாத 10 நாள்களை ஒதுக்கி, தச்சர், குயவர், தோட்டக்காரர், கலைஞர் போன்றோரிடம் மாணவர்கள் நேரில் பயில வழி கூறுகிறது. அந்நாள்கள் வெறும் விடுமுறையாகக் கழியாமல் காப்பது ஆசிரியர் கடமை. உள்ளூர்ப் பணிமனை, கூட்டுறவுச் சங்கம், வங்கி, மருத்துவமனை ஆகியவற்றைப் பள்ளியோடு இணைப்பது அலுவலர் கடமை. சோதனையை மாணவரின் தாய்மொழியில் நடத்தி, முடிவைப் பெற்றோர் முன்னிலையில் விளக்கி, மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் திறந்து வைத்தல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவர் பின்னர் பட்டயப் படிப்புக்குச் செல்லும் வழி அடைபடாதிருத்தலும் இதில் அடங்கும்.

பொருந்தாத பணியில் ஓர் இளைஞர் கழிக்கும் ஆண்டுகள் அவர் குடும்பத்திற்கு மட்டுமன்றி நாட்டின் உற்பத்திக்கும் இழப்பாகும். திட்டமிடுவோர் நிலத்தையும் நீரையும் கணக்கிடுவதுபோல் மனித இயல்பையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். ஆனால் நிலத்துக்கு எப்பயிர் என்பதை உழவர் முடிவு செய்யலாம்; மாணவர்க்கு எத்தொழில் என்பதை மாணவரே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவை அறிந்து எடுக்க உதவுவதே வழிகாட்டுதலின் பணியாகும்.