இறுதிக் காலப் பராமரிப்பும் புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களும்

(கனடாவில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாவைப் பற்றிப் பொது இடத்தில் பேசுவது தமிழர் வழக்கத்தில் விரும்பப்படுவதில்லை. வீட்டில் எவரேனும் அந்தப் பேச்சை எடுத்தால், "அபசகுனமாகக் கதையாதே" என்று பெரியவர்கள் தடுத்துவிடுவார்கள். ஆனால் காலம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 1980களில் போரின் கொடுமையால் இளைஞர்களாகப் புலம்பெயர்ந்தவர்கள் இன்று அறுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பின்னர் அழைத்து வந்த பெற்றோரில் உயிரோடு இருப்பவர்கள் எண்பதைக் கடந்துவிட்டனர். புற்றுநோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய் ஆகியவை இன்று ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் வாசலிலும் நிற்கின்றன. ஆகவே, பேசத் தயங்கும் விடயத்தை இன்று பேசியே ஆகவேண்டும்.

ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். ரொறன்ரோ நகரின் வைத்தியசாலை ஒன்றில் எண்பத்திரண்டு வயது முதியவர் படுத்திருக்கிறார். நுரையீரலில் தோன்றிய புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்குகிறார். முதியவருக்கு ஆங்கிலம் போதாது. பதினேழு வயதுப் பேத்தி மொழிபெயர்ப்பாளராக நிற்கிறாள். மகன் அவள் காதருகே குனிந்து, "அப்பப்பாவுக்கு உண்மையைச் சொல்லாதே, அவர் தாங்கமாட்டார்" என்கிறார். பேத்தி ஒரு கணம் தடுமாறிவிட்டு, "சின்னக் கிருமிதான் அப்பப்பா, மருந்து எடுத்தால் மாறிவிடும்" என்கிறாள். முதியவர் அவளுடைய முகத்தைப் பார்க்கிறார், தலையசைக்கிறார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். எனினும் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பலருக்கு அந்த அறை நன்கு தெரிந்திருக்கும். அந்த முதியவருக்கு உண்மை தெரியாது என்று எவரும் எண்ண வேண்டாம். மெலியும் உடலும், சுற்றி நிற்போரின் முகங்களும் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. பேத்தி நோகக்கூடாது என்று அவர் மௌனம் காக்கிறார். அவர் நோகக்கூடாது என்று குடும்பம் மௌனம் காக்கிறது. இந்த இரண்டு மௌனங்களுக்கும் இடையில், அவருடைய கடைசி மாதங்கள் எப்படி அமையவேண்டும் என்ற கேள்வியை அவரிடம் கேட்க ஒருவரும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் மருத்துவம் ஒன்று உண்டு. அதுவே நோய்தணிப்புப் பராமரிப்பு. மேலைநாடுகளில் பலியேட்டிவ் கெயார் என்று வழங்கப்படுவது.

இந்த மருத்துவத்தின் பிறப்பில் புலம்பெயர்ந்தோர் அறியவேண்டிய ஒரு செய்தி உள்ளது. 1948ஆம் ஆண்டு இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் டேவிட் தாஸ்மா என்ற நாற்பது வயது மனிதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். அவர் போலந்து நாட்டின் வார்சாவிலிருந்து வந்த யூத அகதி; உணவகப் பணியாளர். அந்த நகரில் அவருக்கு உற்றார் உறவினர் எவரும் இல்லை. சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவ சமூகப் பணியாளர் அவரைத் தொடர்ந்து சென்று பார்த்தார். இறப்பவர்களுக்கென ஓர் இல்லம் எப்படி இருக்கவேண்டும் என்று இருவரும் பேசினார்கள். தாஸ்மா இறக்கும்போது 500 பவுண்களை அவருக்கு விட்டுச்சென்றார். அந்த இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்கவேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவம் படித்து 1957இல் மருத்துவரானார். பத்தொன்பது ஆண்டு உழைப்பின் பின்னர், 1967இல், தென்கிழக்கு இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. தாஸ்மாவின் சாளரம் அங்கே இடம்பெற்றது. வலி என்பது உடலை மட்டும் சார்ந்ததன்று. மனத்துயர், குடும்பத்தைப் பற்றிய கவலை, தனிமை, வாழ்வின் பொருளைத் தேடும் ஏக்கம் ஆகிய யாவும் சேர்ந்ததே முழுமையான வலி என்று சாண்டர்ஸ் போதித்தார். அன்னிய நாட்டில் தனியே இறந்த ஓர் அகதியிடமிருந்து உலகம் கற்ற பாடங்களில் இதுவும் ஒன்று.

அந்த இல்லத்தை 1973இல் சென்று பார்த்தவர்களுள் ஒருவர், மொன்றியல் நகரின் றோயல் விக்டோரியா வைத்தியசாலையைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் பல்ஃபோர் மவுண்ட். அவர் திரும்பி வந்து 1975இல் தமது வைத்தியசாலையில் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். "ஹொஸ்பிஸ்" என்ற சொல் பிரெஞ்சு மொழியினரிடையே ஆதரவற்றோர் விடுதியை நினைவூட்டியதால், "பலியேட்டிவ் கெயார்" என்ற பெயரை அவர் தேர்ந்தார். போர்வையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நோயை அகற்ற இயலாதபோதும் நோயாளியைப் போர்த்திக் காக்கலாம் என்பது அதன் உட்பொருள். ஆக, உலகெங்கும் வழங்கும் இந்தப் பெயர் பிறந்தது கனடா மண்ணில்தான்.

இப்பராமரிப்பைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களிடையே நிலவும் மூன்று அச்சங்களுக்கு இங்கே விடை கூறுவது அவசியம்.

முதலாவது அச்சம்: "இதற்குச் சம்மதித்தால் வைத்தியர்கள் கைவிட்டுவிடுவார்கள்." இது தவறு. நோய்க்கான சிகிச்சை நடைபெறும்போதே இப்பராமரிப்பையும் தொடங்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில், பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 நோயாளிகளிடம் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டு 2010இல் வெளியானது. வழமையான சிகிச்சையுடன் தொடக்கத்திலேயே நோய்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதங்கள், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதங்கள். முதற்குழுவினரின் மனச்சோர்வும் குறைவாக இருந்தது. எல்லா நோய்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று கொள்ளலாகாது. ஆயினும், இப்பராமரிப்பு ஆயுளைக் குறைத்துவிடும் என்ற எண்ணம் சரியன்று என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது. 2016ஆம் ஆண்டு முதல் கனடாவில் சட்டபூர்வமாகியுள்ள மருத்துவ உதவியுடனான இறப்பு என்பது முற்றிலும் வேறானது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

இரண்டாவது அச்சம் மோர்ஃபின் பற்றியது. "மோர்ஃபின் கொடுத்துவிட்டார்கள், இனி முடிந்தது" என்று உறவினர் அழுவதுண்டு. சிறிய அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்ப அளவைக் கூட்டி, நேரம் தவறாது கொடுக்கப்படும் மோர்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்கான படிமுறையை வெளியிட்டு, கடும் வலிக்கு இதைப் பரிந்துரைத்தது. தொடக்கத்தில் வரும் தூக்கக் கலக்கம் பெரும்பாலும் சில நாட்களில் குறையும். மலச்சிக்கல் ஏற்படும், அதற்கான மருந்தையும் உடன் கேட்டுப் பெறவேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வதே பெருமை என்று வளர்ந்த முதியவர்கள் "பரவாயில்லை" என்றே சொல்வார்கள். பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்ணிக் கூறும்படி தாதியர் கேட்கும்போது, பிள்ளைகள் பக்கத்திலிருந்து அவர் இரவில் உறங்குகிறாரா, எழுந்து அமர முடிகிறதா என்ற விபரத்தையும் சேர்த்துச் சொல்வது உதவும்.

மூன்றாவது அச்சம் உணவைப் பற்றியது. தமிழருக்குச் சோறு கொடுப்பதே அன்பு. ஆகவே நோயாளி உண்ண மறுக்கும்போது, "பட்டினி போட்டுச் சாகவிடுகிறோமே" என்று தாய்மார் கலங்குகிறார்கள். வாழ்வின் இறுதி நாட்களில் உடலே உணவைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும் ஆபத்து உண்டு. முற்றிய மறதிநோயில் குழாய் வழியே உணவூட்டுவதால் ஆயுள் நீடிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. உதடுகளை ஈரப்படுத்துதல், விரும்பினால் ஒரு கரண்டி கஞ்சியோ இளநீரோ கொடுத்தல், கையைப் பிடித்தபடி அருகிலிருத்தல் ஆகியவையும் பராமரிப்பே.

இனி, பேத்தியின் நிலையைப் பார்ப்போம். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவதில் இரண்டு தீங்குகள் உண்டு. தான் நேசிக்கும் ஒருவருக்கு மரணச் செய்தியைச் சொல்லும் பாரத்தையோ, அதை மறைக்கும் பாரத்தையோ பதினேழு வயதுத் தோள்மீது ஏற்றுவது முதலாவது. மருத்துவச் சொற்கள் பிழையாகச் சென்றடைவது இரண்டாவது. வீட்டுத் தமிழ் நன்கு பேசும் பிள்ளைக்கும் கல்லீரல், நிணநீர்க்கணு போன்ற சொற்கள் தெரிந்திருக்காது. நேரிலோ தொலைபேசி வழியாகவோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுமாறு வைத்தியசாலையிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் 1996ஆம் ஆண்டின் மருத்துவச் சம்மதச் சட்டத்தின்படி, விளங்கி முடிவெடுக்கும் ஆற்றல் நோயாளிக்கு இருக்கும்வரை, சிகிச்சைக்குச் சம்மதம் தரவேண்டியவர் அவரே. மகனோ மகளோ அல்லர். "எல்லாம் மகனிடம் சொல்லுங்கள், எனக்கு விபரம் வேண்டாம்" என்று ஒரு தந்தை கூறினால் அதுவும் மதிக்கத்தக்க விருப்பமே. ஆனால் அதை அவர் வாயால் கேட்டறிய வேண்டும். அவருக்காகக் குடும்பம் அதை முன்கூட்டியே தீர்மானித்துவிடலாகாது.

ஆற்றல் இழந்தபின் யார் முடிவெடுப்பது? ஊரில் "அற்றோணித் தத்துவம்" என்று வழங்கும் பத்திரத்தைப் போன்ற ஒன்று இங்கும் உண்டு. இது காணிக்கும் பணத்துக்குமானதன்று. உடல்நலம் தொடர்பான முடிவுகளுக்கானது. சட்டத்தரணி கட்டாயமில்லை, அரசே இலவசப் படிவம் வழங்குகிறது. இரு சாட்சிகள் தேவை. பத்திரம் எழுதுபவரின் துணைவரோ பிள்ளைகளோ, நியமிக்கப்படுபவரோ அவருடைய துணைவரோ சாட்சியாக முடியாது. இப்பத்திரம் இல்லையெனில் சட்டத்தின் வரிசைப்படி முதலில் துணைவரும், அவர் இல்லாவிடில் பிள்ளைகளும் முடிவெடுப்பர். பிள்ளைகள் அனைவருக்கும் சம உரிமை. மூத்தவர் நோர்வேயில், நடுவில் பிறந்தவர் பிரான்சில், இளையவர் மார்க்கத்தில் என்று சிதறி வாழும் குடும்பத்தில் கருத்து வேறுபட்டுத் தீராவிடில், முடிவெடுக்கும் பொறுப்பு அரசின் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்துக்குச் சென்றுவிடும். தந்தையை ஒருமுறையும் கண்டிராத அலுவலர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பை விடுவதா என்பதைக் குடும்பங்கள் சிந்திக்கவேண்டும்.

பராமரிப்பவரின் வேலையும் ஒரு கவலையே. தகுதியான வேலை நேரம் உடையவர்களுக்கு, கனடாவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டத்தில் இதற்கென உதவித்தொகை 2004இல் ஆறு வாரங்களுக்கு அறிமுகமாகி, 2016 முதல் 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. அடுத்த 26 வாரங்களுக்குள் இறக்கும் ஆபத்து மிகுந்துள்ளது என்ற மருத்துவச் சான்று தேவை. இந்த வாரங்களைச் சகோதரர்கள் பகிர்ந்துகொள்ளவும் முடியும். "சாகப்போகிறார் என்று எழுதி வாங்குவதா" என்று தயங்கி, இந்த உரிமையை இழந்தவர்கள் பலர்.

இளையோருக்கு ஒரு வார்த்தை. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து மருத்துவக் கல்லூரியில் சிறியதொரு வலிதணிப்பு நிலையத்தைத் தொடங்கினர். பின்னர் அது அயலவர்கள் சேர்ந்து நடத்தும் இயக்கமாக ஊர்தோறும் பரவியது. ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணிநேரம் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றனர். 2008இல் கேரள அரசு இதனைத் தனிக்கொள்கையாகவே அறிவித்தது. அவர்கள் நோயாளிக்குக் கொடுத்தவற்றுள் பெரும்பகுதி மருந்தன்று, நேரமும் காதும். இங்குள்ள தமிழ் இளையோரால் இது இயலாததா? தனிமையில் இருக்கும் முதியவர் ஒருவருக்குத் தமிழில் பத்திரிகை வாசித்துக் காட்ட மருத்துவப் பட்டம் தேவையில்லை.

இறுதியாக, மீண்டும் அந்த வைத்தியசாலை அறைக்குச் செல்வோம். அடுத்த நாள் மகன் தனியே வந்து கட்டிலருகே அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்பா, உங்கட வருத்தத்தைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்? உங்களுக்கு இப்ப எது முக்கியம்?" என்று கேட்கிறார். தந்தை நெடுநேரம் பேசாதிருக்கலாம். பின்னர், "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லலாம். ஊரிலுள்ள தங்கையோடு தொலைபேசியில் கதைக்கவேண்டும் என்று சொல்லலாம். பேத்தியைக் கூப்பிடு என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது அவருடைய சொல்.

நோய் முற்றிய பின்னர் அந்தச் சொல்லைக் கேட்க முடியாது போகலாம். ஆகவே பெற்றோர்களே, உங்கள் விருப்பத்தை இந்த வாரமே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிள்ளைகளே, அவர்கள் தாமாகச் சொல்லும்வரை காத்திராது, தமிழில் நீங்களே கேளுங்கள்.