நடுகல்லும் கல்லறையும்: உயிர்த்தெழுதல் நம்பிக்கையில் அடங்கிய நீதிக் கேள்வி

ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று கூடியுள்ள இந்த ஆய்வரங்கம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கிறிஸ்தவ சமயத்தின் ஓரத்தில் கிடக்கும் கோட்பாடு அன்று. விசுவாசப் பிரமாணம் என்றும் நம்பிக்கை அறிக்கை என்றும் வழங்கும் கோட்பாட்டுச் சுருக்கத்தை வழிபாட்டில் எழுந்து நின்று சொல்லும் சபையார் அனைவரும், அதன் இறுதியில், உடல் உயிர்த்தெழும் என்பதையும் முடிவில்லா வாழ்வு உண்டு என்பதையும் ஏற்று உரைக்கின்றனர். ஆயினும் அதே சபையார் துக்க வீட்டில் ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி நின்று ஆறுதல் சொல்லும்போது பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஆன்மாவைப் பற்றியே. ஆன்மா இளைப்பாறுகிறது, மோட்சம் சேர்ந்துவிட்டது, உடல் வெறும் கூடுதானே என்னும் பேச்சே அங்கு ஓங்கி ஒலிக்கிறது. ஆன்மா அழியாது என்பதும் உடல் உயிர்த்தெழும் என்பதும் ஒன்றல்ல. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பிறந்த விடைகள். இறந்தபின் மனிதரில் எஞ்சுவது எது என்பது முதலாவது விடைக்குரிய கேள்வி. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்கு நியாயம் எப்போது கிடைக்கும் என்பது இரண்டாவதற்குரியது. தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனை முதலாவதில் தேர்ச்சி பெற்று இரண்டாவதைக் கைநழுவ விட்டது என்பதே இவ்வுரை முன்வைக்க விரும்பும் கருத்து.

இவ்வேறுபாட்டை 20ஆம் நூற்றாண்டில் கூர்மையாக எழுப்பியவர் ஆஸ்கார் குல்மன். 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் இரண்டு சாவுகளை அருகருகே வைத்தார். பிளேட்டோவின் ஃபீடோ உரையாடலில் சாக்ரடீஸ் கலங்காமல் நஞ்சை வாங்கிக் குடிக்கிறார், ஏனெனில் சாவு அவருக்கு உடற்சிறையிலிருந்து விடுதலை; கெத்சமனியில் இயேசுவோ நடுங்குகிறார், ஏனெனில் யூத நம்பிக்கையில் சாவு பகைவனே அன்றி நண்பன் அன்று. குல்மன் கோடு சற்று அழுத்தமாகக் கிழித்துவிட்டார் என்று பின்வந்தோர் குறை கூறினர். கிரேக்கமும் யூதமும் அக்காலத்திலேயே கலந்துகிடந்தன என்பதற்குச் சாலமோனின் ஞானம் என்னும் நூலே சான்றாதலால், அக்குறை நியாயமானதே. எனினும் எந்தக் கேள்வியிலிருந்து உயிர்த்தெழுதல் நம்பிக்கை பிறந்தது என்று வரலாற்றைத் தேடிச் செல்வோர்க்கு அவர் காட்டிய திசை இன்றும் பயன்படுகிறது.

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் மறுமை பற்றிய ஆர்வமே குறைவு. இறந்தோர் அனைவரும், நல்லோர் தீயோர் என்ற பிரிவின்றி, பாதாளம் என்னும் நிழலுலகில் ஓசையற்றுக் கிடப்பர் என்பதே பழைய இஸ்ரயேலரின் பொதுக் கருத்தாக இருந்தது. இந்நிலை கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உடைந்தது. கி.மு. 167 அளவில் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கு யூதச் சட்டத்தைக் கடைப்பிடிப்போரைக் கொல்லத் தொடங்கியபோது, நன்மை செய்தவன் இம்மையிலேயே நீண்ட ஆயுளும் மக்கட்பேறும் பெறுவான் என்ற பழைய கணக்கு பொய்த்தது. சட்டத்தைக் காத்தவர்களே இளமையில் மாண்டனர், அதை விட்டவர்களே பிழைத்தனர். தானியேல் நூலின் 12ஆம் அதிகாரத்தில், மண்ணில் உறங்குவோர் பலர் எழுவர் என்ற நம்பிக்கை தெளிவாக ஒலிப்பது இந்நெருக்கடியில்தான். மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரம் இன்னும் அணுக்கமாகக் காட்டுகிறது. தாயின் கண்முன் ஏழு சகோதரர்கள் ஒருவர்பின் ஒருவராக வதைக்கப்படுகின்றனர். மூன்றாமவன் தன் கைகளைத் தானே நீட்டி, இவை இறைவன் தந்தவை, அவரிடமிருந்தே இவற்றை மீண்டும் பெறுவேன் என்னும் பொருள்பட மொழிகிறான். அவன் எதிர்பார்ப்பது ஆன்மாவின் அமைதியை அன்று; வெட்டப்படப்போகும் அந்தக் கைகளையே. இந்நூல் கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் இடம்பெற்றிருப்பதும் சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இல்லாததும் தமிழ்ச் சூழலில் சிறிய செய்தி அன்று. உயிர்த்தெழுதல் எங்கிருந்து தொடங்கியது என்பதற்கான மிகத் தெளிவான பக்கம் சபையாரில் ஒரு பெரும் பகுதியினரின் கைக்கே எட்டவில்லை.

இந்தக் கர்நாடக எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்கு, அநியாயச் சாவுக்கு விடை தேடும் இந்நம்பிக்கை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியை அடுத்த மல்லச்சந்திரத்துக் குன்றின்மேல் இருக்கும் கல்திட்டைகள், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்து அமைத்த பெருங்கற்காலச் சின்னங்கள், இறந்தோர்க்கு வீடு சமைக்க வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணில் எவ்வளவு பழையது என்பதைக் காட்டுகின்றன. அவற்றுக்குப் பிற்பட்ட நடுகற்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன. தொறு என்று கல்வெட்டுகள் குறிக்கும் ஆநிரையை மீட்கும் பூசலில் பட்ட வீரனுக்கு ஊரார் நட்ட கல் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடைக்கிறது. (1824இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கும் கால்நடைப் பண்ணையால் பெயர்பெற்ற மத்திகிரியில் நின்று மாட்டுக்காகச் செத்தவர்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லாததும் அன்று.) பிற்கால நடுகற்களில் சில மூன்று அடுக்குகளாகச் செதுக்கப்பட்டவை: கீழே போர், நடுவில் வானமகளிர் வீரனை ஏந்திச் செல்லும் காட்சி, மேலே வீரசுவர்க்கத்தில் அவன் அமர்ந்திருக்கும் கோலம். மேலடுக்கில் இருப்பது புகையோ சுடரோ அன்று. தோளும் தொடையும் உள்ள அதே ஆள்.

யூத மரபிலும் இங்கும் மறுமைச் சிறப்பு முதலில் எல்லார்க்கும் உரியதாக எண்ணப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தானியேல் நூல் பலர் எழுவர் என்கிறதே ஒழிய எல்லாரும் என்று சொல்லவில்லை. நடுகல்லும் பட்டவனுக்கே உரியது, படுக்கையில் மாண்டவனுக்கு அன்று. ஊருக்காக உயிர் விட்டவனின் கணக்கு சாவோடு முடிந்துவிடக் கூடாது என்ற உணர்வு இரு மரபுகளுக்கும் அடியில் ஓடுகிறது. ஒப்புமையை இதற்குமேல் இழுப்பது பிழையாகும். நடுகல் வீரனை ஊரின் நினைவில் நிறுத்துகிறது, அவனுக்குப் பலியும் படையலும் பெற்றுத் தருகிறது. ஆனால் அவனைக் கொன்றவன் தீர்ப்புக்கு நிற்பான் என்று அது கூறவில்லை.

இந்நம்பிக்கையைப் பவுல் எவ்வாறு விரித்தார் என்பது கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில் விளங்கும். கி.பி. 50களின் நடுவில் எழுதப்பட்ட அம்மடல் கிறிஸ்துவை முதற்பலன் என்கிறது; முதற்பலன் என்பது அறுவடையில் முதலில் அரிந்து இறைவனுக்குப் படைக்கும் கதிர்க்கட்டு. முழு அறுவடையும் வரவிருக்கிறது என்பதற்கு அது அச்சாரம். ஆகவே இயேசுவின் உயிர்ப்பு ஒரு தனிமனிதரின் புகழ்மிக்க முடிவாக நின்றுவிடாமல் மனிதகுலம் முழுவதற்குமான தொடக்கமாகிறது. எழுந்தவர் யார் என்பதும் முக்கியம். ரோம அரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனையில் செத்தவர் அவர். யோவான் நற்செய்தி காட்டுகிற உயிர்த்த உடலில் ஆணித் தழும்புகள் மறையவில்லை. புதுவாழ்வு பழைய காயத்தைத் துடைத்தெறிந்துவிட்டு வரவில்லை, அதைத் தாங்கிக்கொண்டே வருகிறது. சித்தர் மரபு பேசும் காயசித்தியோடும் வள்ளலார் பேசிய மரணமிலாப் பெருவாழ்வோடும் இதை ஒப்பிட விரும்புவோர் இவ்விடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். அம்மரபுகளும் உடலை இழிவாக எண்ணாதவை என்பது உண்மை. ஆனால் அவை சாவைத் தவிர்க்கும் வழியைத் தேடுகின்றன, உயிர்த்தெழுதலோ சாவைக் கடந்து வருகிறது.

தமிழகத்தில் இந்நம்பிக்கை பேசப்பட்ட வரலாறு வேறு பாதையில் போயிற்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி தத்துவப் போதகர் என்னும் பெயருடன் உரைநடையில் எழுதிய நூல்களுள் ஆத்தும நிர்ணயம் ஆன்மாவின் இயல்பை ஆய்வது. அவர் பெயரால் வழங்கும் புனர்ஜென்ம ஆக்ஷேபம் மறுபிறவியை மறுப்பது. முற்பிறவி உண்டெனில் அதன் நினைவு ஏன் இல்லை, மனித ஆன்மா விலங்கின் உடலில் எவ்வாறு பொருந்தும் என்பன போன்ற வினாக்கள் இவ்விவாத மரபில் திரும்பத் திரும்ப எழுந்தன. வாதத் திறத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் எதிர்த்தரப்பினர் தேர்ந்த களத்திலேயே போர் நடந்தது. பேச்சு முழுவதும் ஆன்மா எங்கே போகிறது என்பதிலேயே சுழன்றது. ஆனால் மறுபிறவியோடு இணைந்த வினைக்கொள்கை ஆன்மாவின் பயணக் குறிப்பு மட்டும் அன்று. இவன் ஏன் முடவனாகப் பிறந்தான், இவள் ஏன் வறுமையில் உழல்கிறாள் என்னும் நீதிக் கேள்விக்கு அது ஒரு விடையும் ஆகும். அவ்விடையை மறுத்தவர்கள் அக்கேள்விக்குத் தம் விடையாக உயிர்த்தெழுதலை முன்னிறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் மோட்சத்தையும் நரகத்தையும் முன்னிறுத்தினர். 1894இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் கதையைத் தழுவிய காப்பியமாதலின், கிறிஸ்தவ வாழ்வை நாசநகரிலிருந்து முத்தி நகருக்குச் செல்லும் யாத்திரையாகவே வடித்தது. கவிதை என்ற முறையில் அதன் பெருமைக்கு இவ்வுரை தலைவணங்குகிறது. எனினும் இவ்வுலகம் விட்டு நீங்க வேண்டிய நகரம் என்ற எண்ணத்தைத் தமிழ்ச் சபையாரின் நெஞ்சில் ஆழப் பதித்ததில் அதற்கும் பங்குண்டு.

மாற்றுக் குரல் எழாமலும் இல்லை. சென்னையில் 1938இல் வெளிவந்த ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ என்னும் தொகுப்பின் ஆசிரியர்களுள் பி. செஞ்சையாவும் வெங்கல் சக்கரையும் முதன்மையானவர்கள், மைத்துனர்களும்கூட. உயிர்த்த கிறிஸ்துவில் படைப்பிலேயே புதியதொரு நிலை தோன்றிவிட்டது என்று செஞ்சையா வாதிட்டார். அவதாரம் என்னும் வைணவக் கருத்தை எடுத்தாண்ட சக்கரை, கிறிஸ்துவின் அவதாரம் சாவோடு முடியவில்லை, உயிர்த்த இயேசுவே ஆவியாக மனிதருக்குள் தங்கித் தொடர்கிறார் என்றார். இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் அல்லர். சென்னைத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர், 1941-42இல் சென்னை மேயர், ஏஐடியூசி எனப்படும் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தவர். அவருடைய இறையியலைப் படிப்போர் தொழிற்சங்கப் பணியை விட்டுவிடுவதும், தொழிற்சங்கப் பணியைப் படிப்போர் இறையியலை விட்டுவிடுவதும் வழக்கமாகிப் போயிற்று. ஓசூர்த் தொழிற்பேட்டையின் நிழலில் நடக்கும் ஆய்வரங்கம் இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கடமைப்பட்டது.

ஏனெனில் பவர் பிரஸ் எந்திரத்தில் விரல் போன ஒருவரையேனும் அறியாத தொழிலாளர் குடியிருப்பைக் காண்பது அரிது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடும், ஆள்காட்டிவிரல் போனால் 14 விழுக்காடும், நடுவிரலுக்கு 12 விழுக்காடும் இழப்பு என்று வகுத்தது. இழப்பீடு வாங்கித் தருவோர்க்கு அவ்வட்டவணை இன்றியமையாத கருவி; அதைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அது அளப்பது கூலியை மட்டுமே. மக்கபேயர் நூலின் மூன்றாம் மகன் நீட்டிய கைகளுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. ஆன்மா பத்திரமாக இருக்கிறது என்று ஆறுதல் சொல்லும் மறையுரையிலும் இடமில்லை என்றால், நம்பிக்கை அறிக்கையின் அவ்வரி எவருக்காகச் சொல்லப்படுகிறது என்ற வினாவிலிருந்து சபை தப்ப முடியாது.

இறப்புக்கும் இறுதி எழுச்சிக்கும் இடைப்பட்ட காலம் பற்றிய சிக்கல் பழையது. அதை இங்கே விரிப்பதற்கில்லை. நல்லோர் ஆன்மாக்கள் இறுதித் தீர்ப்புக்கு முன்பே இறைவனை முகமுகமாகக் காணும் என்று திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் 1336இல் வரையறுத்ததும், உத்தரிக்கும் நிலை உண்டென்று கத்தோலிக்கர் கொண்டு நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளை மந்திரித்து மெழுகுவத்தி ஏற்றுவதும், அதைச் சீர்திருத்த சபைகள் ஏற்காததும் அறிஞர் கட்டுரைகளில் விரிவாக வரும்.

இதைவிட உடனடியான சிக்கல் அடக்க நிலத்தைப் பற்றியது. தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து ஓசூரில் குடியேறிய குடும்பங்களில் ஒருவர் இறந்தால், உடலைச் சொந்த ஊருக்கு ஆம்புலன்சில் கொண்டுபோவதா, இங்கேயே அடக்கம் செய்வதா என்ற பேச்சு எழுகிறது. பெருநகரங்களில் பழைய கல்லறையைத் திறந்து மீண்டும் அடக்கம் செய்வது வழக்கமாகிவிட்டது. எரியூட்டவும் வழியுண்டு: கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் எரியூட்டலுக்கு இருந்த தடையை நீக்கியது. உயிர்ப்பை மறுக்கும் நோக்கோடு செய்யக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. 2016இல் வெளியான அறிவுறுத்தல் சாம்பலைத் தூவுவதையும் வீட்டில் வைத்துக்கொள்வதையும் ஏற்கவில்லை. எலும்பு இருந்தால்தான் இறைவனால் எழுப்ப முடியும் என்று எந்த இறையியலாரும் வாதிடவில்லை; தீயில் மாண்ட மறைசாட்சிகளை முன்னிட்டே ஆதித் திருச்சபை அக்கவலையைத் தீர்த்துவிட்டது. இவ்வட்டாரத்தில் இறந்தோரை அமர்ந்த நிலையில் அடக்கம் செய்யும் வீரசைவரும், கியாமத் எனப்படும் இறுதித் தீர்ப்பு நாளை எதிர்நோக்கிக் கபரஸ்தானில் அடக்கம் செய்யும் முஸ்லிம்களும் அண்டை வீட்டார். அடக்க நிலத்துக்கான கோரிக்கையைச் சேர்ந்தே முன்வைக்க அவர்களுடன் உரையாடத் தொடங்குவது அறிவுடைமை.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய பேச்சில் மூடி மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித் கிறிஸ்தவரின் கல்லறைகளைப் பிற சாதியினரின் கல்லறைகளிலிருந்து பிரித்து எழுப்பப்பட்ட சுவரைப் பற்றித் தமிழுலகம் நன்கறியும். சுவரே இல்லாமல் தனித்தனி அடக்க நிலங்களால் அதே பிரிவினையைக் காக்கும் ஊர்களும் பல. ஆன்மாவின் அழியாமை மட்டுமே நம்பிக்கை என்றால் அச்சுவரால் கோட்பாட்டுக்கு இடைஞ்சல் ஒன்றும் இல்லை, ஆன்மாக்களுக்குச் சுவர் தடையாகாது. உடல்கள் எழும் என்று நம்புவோர்க்கோ அது நேரடி மறுப்பு. ஒரே எக்காளத்துக்கு எழ வேண்டியவர்கள் எழும்போதே பிரிந்து நிற்கட்டும் என்று செங்கல்லால் எழுதிவைத்த அறிக்கை. இவ்வரங்கின் பிற்பகல் அமர்வு இதை எடுத்துக்கொள்ளும்போது, விடை சொல்ல வேண்டியவர்கள் இறையியல் கல்லூரி ஆசிரியர்கள் மட்டுமல்லர், கல்லறைத் தோட்டத்தின் சாவியையும் பதிவேட்டையும் கையில் வைத்திருக்கும் பங்குப் பேரவையினரும் சபைக் குழுவினரும் ஆவர். அவர்களுக்கும் முன்வரிசையில் இருக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன.