கிரயமா, ஒத்தியா, குத்தகையா?

இந்தக் காரியாபட்டிக் கூட்டத்தின் பின்வரிசையில் தலை குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகள் போனை உள்ளே வைக்க வேண்டாம். இன்றைய பேச்சே அந்தப் போனுக்குள்ளும், டிவிக்குக் கீழே இருக்கும் விளையாட்டுப் பெட்டிக்குள்ளும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் சொத்தைப் பற்றித்தான்.

சொத்துச் சட்டத்தை இந்தக் கரிசல் காட்டு ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிரயம் என்றால் என்ன? வில்லங்கம் பார்த்து, சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைத்து, பட்டா மாற்றிவிட்டால் நிலம் பேரன் காலத்துக்கும் நம்முடையது. ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. காலி செய்கிற அன்று கொடுத்த பணம் முழுசாகக் கைக்கு வந்தாக வேண்டும். குத்தகை என்றால் கெடு உண்டு. கண்மாய் மீன் குத்தகை எடுத்தவருக்குப் பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் என்று தெரியும். ஜூலை 2ஆம் தேதி வலையோடு கரையில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

அப்புறம் வாடகை. மணிக்கணக்கில் எடுத்த வாடகை சைக்கிளைத் தன் சொந்த சைக்கிள் என்று எவரும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்துவிட்டுக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது யாரும் ஏமாந்ததாக அழவில்லை.

இந்த நான்கு சொல்லில் எதற்குள்ளும் அடங்காத ஒரு வியாபாரம் இப்போது நடக்கிறது. அதன் பொத்தானில் ‘வாங்கு’ என்று கிரயத்தின் பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் பத்திரம் குத்தகைப் பத்திரம். அந்தக் குத்தகைக்கும் கெடு தேதி போடவில்லை. காலி செய்யச் சொல்லும்போது, ஒத்தியில் திரும்புவதைப் போலப் பணமும் திரும்பாது.

முதலில் நம் வீட்டுக் கதை. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. அக்டோபர் 30ஆம் தேதியோடு இந்தியாவில் ஆட்டம் அடியோடு நின்றது. துப்பாக்கிக்கு வண்ணம், ஆளுக்குச் சட்டை என்று வாங்கியதெல்லாம் அந்த நிமிடமே கைக்கு எட்டாமல் போனது. அந்த ஆட்டத்தில் செலவழிக்கும் காசுக்கு யூசி என்று பெயர். அதன் விரிவு ‘அன்நோன் கேஷ்’, அதாவது தெரியாத காசு. பெயரிலேயே உண்மையைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள், நாம்தான் கவனிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, 2021 ஜூலை 2ஆம் தேதி, அதே ஆட்டத்தைக் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளக் கெடு வைத்தார்கள். கெடுவுக்குள் மாற்றியவர் பிழைத்தார். 2022 ஜூலை 28ஆம் தேதி அதுவும் செயலிக் கடையிலிருந்து தூக்கப்பட்டு, 2023 மே மாதக் கடைசியில் திரும்பியது. இதற்கிடையே 2022 பிப்ரவரி 14ஆம் தேதி ஃப்ரீ ஃபயர் என்ற ஆட்டத்துக்கும் தடை. அதன் மறுவடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கடையில் தங்கிவிட்டதாலும், இரண்டுக்கும் ஒரே கணக்கு என்பதாலும் பிள்ளைகள் அதில் காசு போட்டு வாங்கிய டைமண்ட் தப்பியது. மானாவாரி வெள்ளாமை மாதிரி, தப்பினால் உண்டு.

தடை சரியா தவறா என்பது நாட்டின் பாதுகாப்பு பற்றிய வழக்கு. இந்த மேடையில் அதை எடுக்க வேண்டாம். காசு கொடுத்தவர் கையில் கடைசியில் என்ன மிஞ்சியது என்பது மட்டுமே இங்கே கேள்வி.

தொண்ணூறுகளில் மதுரை டவுன் ஹால் ரோட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த டிவி கேம் பெட்டியை நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் நிண்டெண்டோ 1983இல் விட்ட ஃபேமிகாமின் நகல் அது. சாமுராய், மீடியா என்ற பெயர்களில் வந்தது. லட்சக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக எழுதிய மஞ்சள் கேசட்டில் நிஜமாக இருந்தவை சில பத்து. திருட்டு நகல்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஊதிவிட்டுச் செருகினால் இன்றைக்கும் மரியோ ஓடுவார். அவர் எந்த ஊர்க் கம்ப்யூட்டரையும் கேட்டுக்கொண்டு ஓடவில்லை.

முறையாக வாங்கியதற்கும் சான்று உண்டு. 2009இல் ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்காக ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற ஆட்டத்தைச் செய்தது. ஆட்டம் சுமார்தான். ஆனால் அது டிஸ்க்கில் வந்தது. சோனி அந்தப் பெட்டியைச் செய்வதையே 2013இல் நிறுத்திவிட்டது. பெட்டியின் லென்ஸ் தேயாமல் இருக்கிற வீட்டில் ஹனுமான் இன்னும் தாவுகிறார். வேண்டாமென்றால் அந்த டிஸ்க்கைப் பாதி விலைக்கு விற்கலாம். அக்கா மகனுக்குச் சும்மா கொடுக்கலாம்.

டவுன்லோடு செய்யும் ஆட்டம் அப்படியில்லை. வாங்குபவரின் பெயருக்கு எதிரே கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஓர் அனுமதி எழுதப்படுகிறது. காசு அந்த அனுமதிக்குத்தான். அதை விற்க முடியாது. கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்கு உலகத்திலேயே பெரிய கடையான ஸ்டீம், கணக்கை வேறொருவருக்கு மாற்றித் தராது. 2024இல் ஒருவர் உயில் எழுதலாமா என்று கேட்டதற்கும் முடியாது என்றே பதில் வந்தது. நூறு ஆட்டம் வாங்கி வைத்த அப்பா காலமானால், மகனுக்குச் சட்டப்படி மிச்சம் பூட்டிய கதவு.

அடுத்து, கடை மூடும் படலம். நிண்டெண்டோ தன் வீ பெட்டியின் இணையக் கடையை 2019 ஜனவரி 30ஆம் தேதி மூடியது. 3டிஎஸ், வீ யூ பெட்டிகளின் கடைகளும் 2023 மார்ச் 27இல் மூடின. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29ஆம் தேதி மூடியது. முன்பே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழி எத்தனை நாளைக்கு என்று எழுதித் தரவில்லை. டிஸ்க்கே இல்லாமல் கடையில் மட்டும் விற்ற ஆட்டங்களைப் புதிதாக ஒருவர் காசு கொடுத்து வாங்க இனி வழியே இல்லை.

சோனியும் 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்கக் கூச்சல் போட்டார்கள். அடுத்த மாதமே, முடிவு தவறு என்று நிறுவனத் தலைவர் ஜிம் ரயன் ஒப்புக்கொண்டு, இரண்டு கடையையும் திறந்தே வைத்தார். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

கடையை மூடுவதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. மளிகைக் கடையும் மூடுகிறது, தியேட்டரும் மூடுகிறது. கம்ப்யூட்டரை ஓட்டக் கரண்டுச் செலவு உண்டு, காவல் செலவு உண்டு. ஆனால் மூடிய மளிகைக் கடைக்காரர் நம் வீட்டுக்கு வந்து அடுக்களைப் பருப்பை அள்ளிப் போவதில்லை. ‘தி க்ரூ’ என்ற கார் ஓட்டும் ஆட்டத்தில் நடந்தது அதுதான். 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்டது. தனியாளாக ஓட்டினாலும் கம்பெனிக் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டே இருக்கும்படி அதைக் கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31ஆம் தேதி அந்தக் கம்ப்யூட்டரை அணைத்ததும், டிஸ்க் வைத்திருந்தவர் கையிலும் வெறும் தகடு. ராஸ் ஸ்காட் என்ற ஒருவர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்று இயக்கம் தொடங்க, ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மனுவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. காலத்துக்கும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. போகும்போது, தானாக ஓடும்படி ஆட்டத்தைச் செய்து கொடுத்துவிட்டுப் போ என்றுதான் கேட்டார்கள்.

வாங்கிய பொருளின் உள்ளடக்கமும் மாறும். ‘வைஸ் சிட்டி’ என்ற ஜிடிஏ ஆட்டம் ஆடாத பிரௌசிங் சென்டர் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அதே வரிசையில் வந்த ஜிடிஏ 4 ஆட்டத்தில், கார் ரேடியோவில் ஓடும் பாட்டுகளுக்குப் பத்து வருடத்துக்குத்தான் உரிமை எடுத்திருந்தார்கள். 2018 ஏப்ரலில் கெடு முடிந்ததும், ஏற்கனவே வாங்கியவர்களின் பிரதியிலிருந்தும் பல பாட்டுகள் போயின. வாங்கிய கேசட்டில் இரண்டு பாட்டை மட்டும் கடைக்காரர் ராத்திரி வந்து அழித்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

ஒத்தி மாதிரி நாணயமாக நடந்ததும் உண்டு. கூகுள் 2019இல் தொடங்கிய ஸ்டேடியா என்ற ஆட்டச் சேவையை 2023 ஜனவரி 18ஆம் தேதி மூடியபோது, அதன் கடையில் வாங்கிய ஆட்டங்களின் விலையைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஒரு காரியத்துக்குக் கைதட்டலாம். மாதச் சந்தா வியாபாரத்தையும் பெரிதாகத் திட்ட வேண்டியதில்லை. கேம் பாஸ், பிளேஸ்டேஷன் பிளஸ் எல்லாம் வாடகை சைக்கிள்தான். காசு நின்றால் சைக்கிளும் நிற்கும் என்பது கட்டும்போதே தெரியும்.

கலிஃபோர்னியாக்காரர்கள் சொல்லிலேயே கை வைத்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் அங்கே ஒரு சட்டம்: டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று எழுதினால், கிடைப்பது வெறும் உரிமம் என்று பளிச்சென்று சொல்லியாக வேண்டும். பிறகு பறிக்கவே முடியாதபடி முழுசாக இறக்கிக் கொடுத்துவிடுகிறவருக்கு மட்டும் விலக்கு. இந்தியாவில் அப்படி நேரடியான சட்டம் இல்லை. ஆனால் வெறுங்கையும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற பிரிவு இருக்கிறது. 2023 நவம்பர் 30ஆம் தேதி வந்த விதிகள், இணையக் கடைகளின் ஏமாற்று வேலைகளில் 13 வகையைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. எளிதாகச் சேர்த்துக்கொண்டு, விலகப் போனால் வழி காட்டாமல் சுற்றவிடும் சந்தாப் பொறியும் அதில் ஒன்று. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் காசும் இல்லை. இன்னொன்று, பெற்றோர் காதில் மட்டும்: பதினெட்டு வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. நம் பிள்ளைகள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தினமும் எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

‘ஆட்டம்தானே, போனால் போகட்டும்’ என்று முன்வரிசையில் ஒரு பெரியவருக்குத் தோன்றலாம். அவருக்காக ‘வெண்பா’வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு. அதன் படைப்பான ‘வெண்பா’ 2023 ஜூலை 31ஆம் தேதி வெளிவந்தது. 1988இல் கனடாவுக்குக் குடிபோன வெண்பா என்ற தமிழ்ப் பெண், கணவர் பாவலன், தமிழ் பேசக் கூசும் மகன் கவின். வெண்பாவின் கையில் அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு; எழுத்து அழிந்து, தாள் கிழிந்து கிடக்கிறது. அழிந்த வரியை ஊகித்து இட்லியும் புட்டும் சமைப்பதுதான் ஆட்டம். ஆடுகிறவர் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று தவிக்கும்போது, கிழிந்தது வெறும் தாள் இல்லை என்று மெல்ல உறைக்கும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக ஆட்டம் இதுதான். அதே ஆண்டு தனி முயற்சி ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் தலைமைப் பரிசும் இதற்கே.

தமிழ் அம்மா ஒருத்தியின் அழியும் நோட்டைப் பற்றிய அந்த ஆட்டத்தை இன்று இணையக் கடையில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தி வாங்குகிறவருக்குக் கிடைப்பதும் அதே அனுமதிச் சீட்டுதான். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. ‘வெண்பா’ அந்தக் கணக்கில் சேர எத்தனை வருடம் ஆகும்?

புத்தகத்துக்கு இந்த நாடு ஒரு காவல் வைத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் போக வேண்டும். பதிப்பகம் மூடினாலும் படி இருக்கும். பிரான்ஸ் 1992லேயே அந்தச் சட்டத்தை வீடியோ ஆட்டங்களுக்கும் நீட்டி, தேசிய நூலகத்தில் சேர்த்து வைத்து வருகிறது. நம் சட்டம் இன்னும் புத்தகத்தோடும் பத்திரிகையோடும் நிற்கிறது.

ஆகவே இந்த மேடையிலிருந்து இரண்டு கோரிக்கை. ஒன்று, நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு: 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டங்களையும் சேர்க்கச் சொல்லி அவையில் ஒரு கேள்வி எழுப்புங்கள். இரண்டாவது, பக்கத்தில் மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15ஆம் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு: ஓர் அலமாரி ஒதுக்குங்கள். பழைய டிவி கேம் பெட்டி ஒன்று, பிளேஸ்டேஷன் 2 ஒன்று, ‘வெண்பா’ ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று வையுங்கள். பெட்டியும் கேசட்டும் நம் வீட்டுப் பரண்களிலேயே கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் வண்டி தெருவுக்குள் வருவதற்கு முன்னால், அவற்றை இறக்கித் துடைத்து எடுத்து வையுங்கள்.