பேரப்பிள்ளை வாய் திறக்காவிட்டால்

கியா பார்ம் பெரியோர்களுக்கு ஆற்றிய சுகாதார உரை



வழக்கமாக இரத்த அழுத்தம், இனிப்புநீர் பற்றித்தான் உங்களிடம் பேசுவோம். இன்று உங்கள் பேரப்பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேசப் போகிறேன்.

ஏன் உங்களிடம்? காய்கறித் தோட்டத்துக்கும் சந்தைக் கடைக்கும் தேயிலை மலைக்கும் பெற்றோர் காலையிலேயே போய்விடுகிறார்கள். பள்ளி விடுமுறையில் சுற்றுப்பயணிகள் கூட்டம் ஏறும். அப்போது கடைக்காரர்களுக்கு இன்னும் வேலை அதிகம். பல வீடுகளில் பள்ளி விட்டு வரும் பிள்ளையின் முகத்தை முதலில் பார்ப்பது நீங்கள்தான்.

2022-இல் தேசிய சுகாதார ஆய்வு, நாடு முழுவதும் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களிடம் நடந்தது. நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஏறக்குறைய பத்தில் ஒருவர், முந்திய ஓராண்டில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொன்னார். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நல்ல செய்தியும் உண்டு. ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. நம்மைப் போலவே தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த இடம். அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் எனப் பல துன்பங்களில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தேறி வந்தார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றவற்றுள் முக்கியமானது, அன்போடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது அருகில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு அந்தப் பெரியவர் தாத்தாவோ பாட்டியோதான்.

எதைக் கவனிக்க வேண்டும்? நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை சோற்றை ஒதுக்குவது, இரவில் தூங்காமல் புரள்வது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது. பள்ளி நாளில் மட்டும் வயிற்று வலி வருவதும் ஓர் அறிகுறிதான். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்கோ புகுமுக வகுப்புக்கோ போகும் ஆண்டில் கூடுதலாகக் கவனியுங்கள். பாடமொழி மாறுகிறது, பழைய நண்பர்கள் பிரிகிறார்கள். இந்த மாற்றங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சும்மா இருக்கக் கூடாது.

எப்படிப் பேசுவது? எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கியே கண்ணு, என்னான்னு பாட்டிகிட்ட சொல்லு" என்று கேளுங்கள். உடனே பதில் வராது. நாளைக்கும் கேளுங்கள். சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். "எங்க காலத்துல அட்டைக்கடியிலயும் மழையிலயும் கொழுந்து பறிச்சோம், உனக்கு என்ன குறை?" என்று கேட்க வாய் வரும். நீங்கள் பட்ட கஷ்டம் உண்மைதான். ஆனால் அந்த வார்த்தையோடு பிள்ளை பேச்சை நிறுத்திவிடும்.

"செத்துப் போகலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "உயிரை விடணும்னு நினைக்கிறியா?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, பிள்ளைக்குப் பாரம்தான் குறையும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். பெற்றோரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

கோயிலில் அர்ச்சனை செய்யுங்கள், திருநீறு பூசுங்கள், தவறில்லை. அதோடு கிளினிக்குக்கும் கூட்டி வாருங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று சிலர் மறைக்கிறார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அது சிகிச்சைக்குரிய விஷயம்.

இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. தாலியான் காசே 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது நேராகத் தானா ராத்தா மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

உங்களுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கைப்பேசி வேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும், மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல எப்படி இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.